நான் எழுதிய ஏழாம் விதி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன பிறகு, மிச்சமிருந்த பலமெல்லாம் வாய்க்குப் போய்விட்டது என்பாள் அக்கா. பராமரிப்பு அலுவலகம், உதவி வாங்குகிறவர்களே உட்கார்ந்து விதிகளை எழுதட்டும் என்று ஒரு ஆலோசனைக் குழு அமைத்து என்னையும் கூப்பிட்டபோது, என்னைவிட அவள்தான் தலைகால் புரியாமல் குதித்தாள்.

"போய் நல்லா வாயைத் திறந்து கேளுடி. மத்தியானத்துக்கு ஒரு ஆள் அனுப்பச் சொல்லு."

அந்த ஒரு ஆள்தான் எங்கள் இருவருக்கும் வேண்டியிருந்தது. அக்கா ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். காலை ஏழு மணிக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவாள். அதுவரை நான் சக்கர நாற்காலியில், வெளியே பூட்டிய வீட்டுக்குள். வேண்டுமென்று பூட்டவில்லை. கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போன ஒரு நாள் எவனோ உள்ளே வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். உள்தாழ்ப்பாளை எனக்கு எட்டுகிற மாதிரி கீழே இறக்கலாம்தான். ஆனால் நான் விழுந்து கிடந்தால் யார் எழுந்துபோய்த் திறப்பது? அதனால் பூட்டு. ஒன்பது மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். குடித்தால் போகவேண்டுமே.

குழுவில் ஆறு பேர். அக்காவின் லீவு நாளில்தான் கூட்டம்; அவளே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். எதிர் நாற்காலியில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். கை நடுக்கம் வந்து தொழில் போய்விட்டது. மூன்றாவது கூட்டத்தில் அவர் தன் கதையைச் சொன்னார். மகன் அவரை அறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போவானாம். திரும்பி வந்தால் அடியாம். அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தபோது இவர், "என் பையன் நல்லா பாத்துக்கறான்"னு சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு இரண்டு வருஷம், மகன் வெளியூர் போகும்வரை, யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"அவன் கதவுக்குப் பக்கத்துல நின்னான்மா."

அன்றைக்குத்தான் நான் ஏழாம் விதியை எழுதினேன். பூட்டிய வீட்டில் தனியாக இருப்பவருக்கு, தெரியவந்த மூன்று நாளுக்குள் உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அவரை அரசு இல்லத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று அவர் சொன்னால் நம்பக் கூடாது. பயத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

குழுவை நடத்திய அதிகாரி நல்ல பெண்மணி. பேனாவைக் கடித்தபடி யோசித்தார். "கடைசி வரி கொஞ்சம் கடுமையா இருக்கே?"

"நீங்க பூட்டின வீட்டுக்குள்ள இருந்திருக்கீங்களா மேடம்? நான் இருக்கேன். தினமும். எங்க அக்கா பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போறா. எனக்குத் தெரியும்."

எல்லோரும் கைதட்டினார்கள். கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அறையின் மூலையில் அலுவலக ஆள் ஒருவர் குனிந்து எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததைப் பற்றி நான் நினைக்கக்கூட இல்லை.

இரண்டு மாதத்தில் விதி அமலுக்கு வந்தது. முதல் வேலையாகப் பழைய குறிப்புகளையெல்லாம் புரட்டி, யார் யார் பூட்டிய வீட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அதிகாரி போன் செய்தார்.

"பட்டியல்ல உங்க பேர் இருக்கு. ஆள் தேடிப் பாத்துட்டேன், உங்க பகுதிக்கு ஒருத்தர்கூட இல்ல. வெள்ளிக்கிழமை வண்டி வரும்."

"மேடம், எங்க அக்கா அப்படிப்பட்டவ இல்ல. உங்களுக்கே தெரியுமே!"

"எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்கறதுக்கு அந்த விதியில இடமே இல்லையே."

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். வேலைச் சீருடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பேரைச் சொன்னியாடி?"

"இல்ல. அக்கான்னுதான் சொன்னேன்."

"நீ வேற எத்தனை அக்கா வெச்சிருக்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. உள்ளே போய் எனக்குத் தோசை ஊற்றினாள். இரண்டு பேரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டாள். விடியும்போதே என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். வீட்டை இரண்டு தடவை துடைத்தாள். நான் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகினேன். எவ்வளவு பழகியும் உதடு கோணிக்கொண்டே போனது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பின்னால் இரண்டு பணியாளர்கள். அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே அக்கா கையைக் கூப்பினாள்.

"வேலையை விட்டுடறேங்க. இனிமே பூட்டவே மாட்டேன்."

"வாடகை எப்படிக் குடுப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் அதிகாரி. அக்கா கூப்பிய கையை இறக்கவில்லை. "கொஞ்சம் வெளியில இருங்க. நான் அவங்ககிட்ட தனியாப் பேசணும்."

அக்கா போனாள். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே நிற்காதே என்று கத்தவேண்டும்போல இருந்தது.

"நான் நல்லா இருக்கேன் மேடம்" என்றேன். சொன்ன மறுநொடியே என் நாக்கைப் பிடுங்கிப் போடலாமா என்றிருந்தது.

அதிகாரி என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார். "அந்த வரி கடுமையா இருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

"அடிச்சுடுங்க. நான் எழுதினதுதானே, நானே சொல்றேன், அடிச்சுடுங்க மேடம்!"

"இப்ப அது உங்க வரி இல்லம்மா. அந்த வரியால நேத்து ஒரு பெரியவரை வெளிய கொண்டுவந்தோம். உடம்பெல்லாம் காயம். அவரும் நல்லா இருக்கேன்னுதான் சொன்னார்."

வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கை உதறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. பயமா இருக்கா?"

"இருக்கு" என்றேன். "உங்களப் பாத்துத்தான் பயமா இருக்கு."

அவருக்கும் கண் கலங்கியது. ஆனாலும் பேனாவைத் திறந்து, 'பயத்தில் இருக்கிறார்' என்று எழுதினார். பணியாளர்கள் இருவரும் நாற்காலியின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். என்னை எங்க அக்காகிட்ட விட்டுடுங்க, என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதையும் அந்த வரிக்குக் கீழேயே எழுதிக்கொண்டார்.