நிழலுக்கு மாதச் சந்தா

மிகாசே நிறுவனத்தின் மலிவு வீடியோ விளையாட்டுப் பெட்டி கடைக்கு வந்த வாரமே, அதை வாங்கிய வீடுகளில் நிழல் விழுவது நின்றுபோனது. ஜப்பானின் கியோத்தோவில் இதை முதலில் கண்டது ஒரு பூனை. சுவரோரம் வழக்கமான இடத்தில் படுக்கப் போய், வெயில் சுட்டதும் துள்ளி எழுந்து, சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம்தான் மனிதர்கள் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ் வாயில் இருக்கத் தெருவுக்கு வந்து நின்றார்கள்.

காரணம் தெரிந்தவள் உகாய் மிசுயோ. மிகாசேயில் விலை வைக்கும் பிரிவுக்குத் தலைவி. போட்டிக் கம்பெனியைவிடப் பத்தாயிரம் யென் குறைத்து விற்க வேண்டும் என்று முதலாளி சொன்னபோது, எதை வெட்டலாம் என்று தேடியவள் அவள்தான். சிப்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, விளையாட்டில் வரும் மரத்துக்கும் ஆளுக்கும் நிழல் வரைவதிலேயே போகிறது என்று கண்டுபிடித்தாள். பெட்டிக்குச் சின்ன சிப் போதும், நிழலைக் கம்பெனிக் கம்ப்யூட்டரில் வரைந்து இன்டர்நெட்டில் அனுப்பி, அதற்கு மாதச் சந்தா வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

பெட்டி வடிவமைக்கும் குராமோச்சிக்கு அது பிடிக்கவில்லை. "நிழலில்லாம விக்கறதுக்கு, மிசோ விழுது போடாத சூப்பை வித்துட்டுப் போகலாமே, மேடம்."

"மிசோ வேணுங்கறவங்க மாசாமாசம் வாங்கிக்கட்டும், சார். பெட்டியில விடறதைச் சந்தாவுலதானே பிடிக்கணும்."

"கெட்டிக்காரி. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு உங்க அளவுக்கு மூளை ஓடாது," என்றார் அவர். கியோத்தோவில் அது பாராட்டு இல்லை.

விளையாட்டில் எடுத்த நிழல் வீட்டிலும் போகும் என்று யார் கண்டது? சந்தா கட்டியவர்களுக்கு அன்று சாயங்காலமே நிழல் திரும்பி வந்தது, கொஞ்சம் வெளிறி. கட்டாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். நலம் விசாரித்தால் "உங்க நிழலாலே சௌக்கியம்" என்பது அந்த நாட்டு மரியாதை. வாய் திறந்தவர்கள் பாதியில் நின்று, எதிராளியின் காலடியைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகினார்கள். அக்கம்பக்கத்தில் மட்டும் பேச்சுக்குக் குறைவில்லை. "உங்க வீடு எப்பவும் ரொம்ப வெளிச்சமா இருக்கு, கொடுத்து வச்சவங்க," என்று ஒருத்தி சொல்ல, கேட்டவள் மறுநாளே சந்தா கட்டினாள்.

மிசுயோவுக்கு அடி விழுந்தது பக்கத்துத் தேயிலை ஊரான ஊஜியிலிருந்து. அங்கே அவள் அண்ணன் குனியாசு தேயிலை வளர்க்கிறார். பறிப்பதற்கு முந்தின வாரங்களில் நாணல் தட்டியால் மூடி, செடியை நிழலிலேயே வைக்க வேண்டிய உயர்ந்த ரகம். வெயில் பட்டால் கொழுந்து கசந்துவிடும். அண்ணி மீன் பிடிக்கிற விளையாட்டுக்கு ஆசைப்பட்டு அந்தப் பெட்டியை வாங்கி வைத்திருந்தாள். தட்டி தட்டியாகவே இருந்தது, வெயில் அதற்குள் புகுந்து நேரே இலையில் இறங்கியது. பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தும் நிழல் வரவில்லை.

"நாலு தலைமுறையா சும்மா விழுந்த நிழல், மிசுயோ. அதுக்கு மாசாமாசம் காசாம். யாரு கண்டுபிடிச்சது இதை?"

மிசுயோ போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க ஆபீஸ்லதானே?"

"நான்தான், அண்ணா."

"சரி," என்றார். "கட்டறேன்."

கட்டினார். ஆனால் பெட்டி விற்க விற்க மிகாசேக்கு நஷ்டம் ஏறியது. சந்தாவை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய காசுக்குச் சாம்பல் நிழல், மூன்று மடங்கு கொடுத்தால் அடர் நிழல். அதிலும் தட்டி ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா. தேயிலையை விற்றாலும் கட்டி மாளாது. விவசாயிகளுக்காவது விலக்கு கொடுங்கள் என்று மிசுயோ முதலாளி முன்னால் தலை தாழ்த்தி நின்றாள். "நிழலைச் சும்மா விட்டா, பெட்டி நஷ்டத்தை யாரு கட்டுவா? கணக்கு நீங்க போட்டதுதானேம்மா," என்றார் அவர்.

ஊழியர்களுக்கு அடர் நிழல் இலவசம், அதைச் சொந்தக்காரர் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. மிசுயோ அதை அண்ணனுக்கு மாற்றிவிட்டாள். அந்த நிமிஷமே ஊஜி மலைச்சரிவில் ஒரு பெண்ணின் நிழல் நீளமாக வந்து படுத்து, ஒரு பாத்தி முழுக்க மூடியது. கொண்டையைப் பார்த்துத் தங்கையென்று கண்டுகொண்ட குனியாசு, மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

ஒரே ஒரு சிக்கல். கியோத்தோவில் அவள் அசைந்தால் ஊஜியில் நிழலும் அசைந்தது. "காபி எடுக்கக் கையை நீட்டினியா? மூணாவது வரிசையில வெயில் பட்டுடுச்சு," என்று அண்ணன் போன் செய்வார். ஆகவே தேயிலை மூடும் நாட்களில் பகலெல்லாம் மிசுயோ கையை மடியில் வைத்து ஆடாமல் இருந்தாள். சக ஊழியர்கள் அவள் வாயருகே கோப்பையைப் பிடித்துக் குடிக்கவைத்தார்கள். இரண்டாம் வருஷம் அது அந்த மாடியில் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

அந்தப் பருவத்தில்தான் சந்தாவை இன்னும் உயர்த்தும் கூட்டம் கூடியது. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் முதலாளி. குராமோச்சி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். எல்லோரும் மிசுயோவைப் பார்த்தார்கள். அவள் விரல்கள் மடியில் ஒருமுறை துடித்து அடங்கின. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இப்போதெல்லாம் சந்தா உயர்வுக் கூட்டத்தை வருஷா வருஷம் தேயிலை மூடும் அந்த வாரத்திலேயே வைக்கிறார்கள். குடிக்கக் குனியாசு தோட்டத்து டீ வருகிறது. கசப்பே இல்லை என்று முதலாளி தவறாமல் சொல்கிறார்.