ஒரே உயரம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சிஜின் எங்கள் வீட்டில் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. காபி ஆறுவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டார். அதே மனிதர் ஒரு சைக்கிளைத் தேர்ந்தெடுக்க ஒரு வருடத்துக்குப் பக்கம் எடுத்துக்கொண்டார். கத்தாரில், கம்பெனி கேம்ப் கட்டிலில் கிடந்தபடி நெட்டில் பார்த்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை லீவில் எனக்குப் போன் செய்து விளக்குவார். அலுமினியம் உதறும், கார்பனில் ஒரு அடி பட்டால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும், ஸ்டீல்தான் நெடுந்தூரத்துக்கு உடம்புக்குச் சுகம். நான் மீன் வெட்டிக்கொண்டே "ஓ" போடுவேன். ரேஸ் சைக்கிளின் குழாய் எவ்வளவு மெல்லிசு என்று அடுக்களையில் நின்று பாடம் கேட்ட மருமகள் குலசேகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடை சைக்கிள் அல்ல அவருடைய ஆசை. பெங்களூரில் ஒருவர், சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஆளுக்கு அளவெடுத்து ஸ்டீல் பிரேம் செய்து கொடுக்கிறார். ஆனால் அவரிடம் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் ஏறக்குறைய உங்கள் அளவில் ஒரு ரெடிமேட் ஸ்டீல் ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொஞ்ச மாதம் ஓட்டுங்கள், எங்கே வலிக்கிறது, எது தோதுப்படவில்லை என்று தெரிந்துகொண்டு வாருங்கள், அதன்பிறகு குழாயை வெட்டுகிறேன் என்பார். கல்யாணத் தரகர்கள் ஒருவருக்கும் இந்தப் புத்தி தோன்றியதில்லை.

சிஜின் லீவில் வந்து, திருவனந்தபுரத்தில் ஒருவரிடமிருந்து ஒரு பழைய நீல சைக்கிளை வாங்கினார். இரண்டு வாரம் ஓட்டினார். கழுத்து நோவு தொடங்கியதும் லீவும் முடிந்தது. சைக்கிள் இங்கே, அவர் அங்கே. நிபந்தனை பாதியில் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை போனில் குரல் உற்சாகமாக இருந்தது.

"பெனிலா, நீயும் நானும் ஒரே உயரந்தானே. நீ பெடல சவுட்டிப் பாத்துட்டு எங்க நோவுதுண்ணு சொல்லு. நான் அவருட்ட சொல்லிக்கிடுதேன்."

நான் களியக்காவிளைக்காரி. பிளஸ் டூ படிக்கும்போது டியூஷனுக்கு எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை வரைக்கும் தினமும் சைக்கிள்தான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போவேன். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போய்விட்டு ராச்சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன்.

"ரோட்டுலயா?" என்று கேட்டேன்.

"ரோட்டுலயா? அம்மைக்குப் புடிக்காது. ஸ்டாண்டு அனுப்புதேன். பின் சக்கரத்த அதுல மாட்டுனா நின்ன எடத்துலயே சவுட்டலாம்."

என் மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். தங்கபாய் மாமி கொடுமைக்காரி அல்ல. ஒரு நாளும் என்னை வைததில்லை. எங்கள் வீட்டுக் கேட்டும் பகல் முழுக்கத் திறந்தேதான் கிடக்கும். நான் செருப்பைத் தொட்டால் போதும், "எங்க மக்களே போற?" என்று உள்ளேயிருந்து செல்லமாக ஒரு கேள்வி வரும். அவ்வளவுதான். சர்ச்சுக்கு என்றால் அவரும் கூட வருவார். ஆஸ்பத்திரிக்கு என்றால் வண்டி பிடிப்பார். சும்மா போகிறேன் என்ற பதில் மட்டும் அந்த வீட்டில் செல்லாது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அதற்கு நல்லதாக ஒரு பதில் கண்டுபிடிக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

ஸ்டாண்ட் வந்தது. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் அறையில் அதை வைத்தோம். ஜன்னல் கிடையாது. ரோட்டில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்று மாமி கதவையும் சாத்திவிடுவார். தலைக்கு மேலே ஷீட்டுகள் தொங்கும். அந்தப் புளித்த நாற்றத்தில், சுவரைப் பார்த்தபடி, வேர்த்து விறுவிறுத்து நான் எங்கும் போகாமல் சவுட்டினேன்.

வெள்ளிதோறும் போன் வரும். "கழுத்து நோவுதா? கை மரத்துப்போவுதா? முட்டு எப்பிடி இருக்கு?" சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டுக்கு வந்தபிறகு உனக்கு எங்கே வலிக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். தோள் என்றேன், இடுப்பு என்றேன். ஒருநாள் நெஞ்சு என்றேன்.

"அது மூச்சு வாங்கும். பழகுனா சரியாவும்" என்றார்.

நான் சொன்னதை அவர் பெங்களூருக்குச் சொல்வார். அங்கிருந்து வரும் யோசனைப்படி நான் ஸ்பானரால் திருப்புவேன். சீட்டை ஏற்றினேன். ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது, கிட்டே கொண்டுவந்தோம். அகலம் அதிகமாகத் தோன்றியது, ஒடுக்கமான ஒன்று பார்சலில் வந்தது. அப்போது எனக்கே உறுத்தியது.

"உங்க கை எனக்க கையவிட நீளம்லா? இது உங்களுக்கு இடிக்கும்."

"உயரம் ஒண்ணுண்ணா எல்லாம் ஒண்ணுதான். நீ நோவ மட்டும் சொல்லு."

அந்த வீட்டில் எதையும் ஒரு தடவைதான் சொல்லலாம். சொல்லியாயிற்று.

என்னை அந்த இருட்டறையில் சவுட்ட வைத்தது வேறொன்று. சிஜின் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "புதுசு வரட்டு. நான் லீவுல வரும்போ பேச்சிப்பாறை டேமுக்குப் போலாம். நீ சைக்கிள சவுட்டு, நான் பின்னால பைக்குல வாறேன். நான் கூட வந்தா அம்ம ஒண்ணும் சொல்லமாட்டா." அதன்பிறகு அந்தச் சுவர் எனக்குச் சுவராகவே தெரியவில்லை. முதல் ஏற்றத்தில் மூச்சுத் திணறுவேன், இறக்கத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். மனதுக்குள் நான் அணைக்கட்டுக்குப் போய்த் தண்ணீரைத் தொட்டுவிட்டு வராத நாள் இல்லை.

வலிகள் ஒவ்வொன்றாகப் போயின. நீல சைக்கிளை அப்படியே பெட்டியில் கட்டி பெங்களூருக்கு அனுப்பினோம். பிரேம் செய்கிறவர் அதன் அளவுகளைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்து, பழைய சக்கரத்தையும் கியரையும் அதில் மாட்டித் தருவார். கையையும் உடம்பையும் தனியாக அளந்து அனுப்பச் சொன்னாராம். சைக்கிளே வருகிறதே, அளவு எதற்கு என்று சிஜின் விட்டுவிட்டார்.

அடுத்த லீவுக்கு அவர் வந்த வாரமே புது சைக்கிளும் வந்தது. கரும்பச்சை. கர்த்தர் கொடுத்த கையால் செய்தது என்று மாமியே சொன்னார். சிஜின் ஏறி முற்றத்தில் ஒரு வட்டம் போட்டார். முழங்கால் முழங்கையை முட்டியது. சர்க்கஸில் கரடி ஓட்டுவதுபோல இருந்தது, நான் சிரிக்கவில்லை. கேட்டைத் தாண்டுமுன்பே இறங்கிவிட்டார்.

"ஏமாத்திட்டான்" என்று போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

பெங்களூர்க்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓட்டிப் பார்த்து வலி சொன்னது யார் சார்?" என்றார்.

"எனக்க வைஃப். ரெண்டுபேரும் ஒரே உயரம்."

"அப்போ அது அவங்க சைக்கிள் சார். அவங்களை உட்காரச் சொல்லுங்க. உங்களுக்கு வேணும்னா முதல்லேருந்து தொடங்கணும்."

நான் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். என்ன சொல்ல. என் பிளவுஸ்கூட என்றைக்கும் இப்படிப் பொருந்தியதில்லை. எதையும் எட்ட வேண்டாம், எதற்கும் ஒடுங்க வேண்டாம். ஒரு சுற்றுச் சுற்றினேன், இரண்டாவது சுற்றில் கேட்டை நோக்கித் திருப்பினேன்.

"எங்க மக்களே போற?" என்றார் மாமி.

சிஜின் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

அவரும் கெட்டவர் அல்ல. விடிவதற்குள் கோபம் தணிந்துவிட்டது. "சரி, இது ஒனக்கே இருக்கட்டு" என்றார். சொல்லிவிட்டு நேராகப் புகைபோடும் அறைக்குப் போய், ஸ்டாண்டைத் துடைத்து, புது சைக்கிளின் பின்சக்கரத்தை அதில் மாட்டி முறுக்கினார்.

"பேச்சிப்பாறைக்குப் போலாம்ணு சொன்னீங்களே."

"எனக்கொண்ணு ரெடியாவட்டு, அப்பம் போலாம். இப்பம் நீ மட்டும் ரேஸ் சைக்கிள்ல முன்னால, நான் பைக்குல பின்னால. ஆளுவ என்ன சொல்லும்?"

"ஆளுவ என்ன சொல்லும்ணு போனுல வாக்கு குடுக்கும்போ தெரியாதா?"

அவர் முறுக்கியதையே இன்னொரு தடவை முறுக்கினார். மாமி கதவருகே வந்து நின்று, "நல்ல சாமானம். வெயில் படாம இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

எனக்காகவே செய்த சைக்கிள், எனக்காகவே இருட்டில் நிற்கப்போகிறது. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அந்த அறைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில், மாமியும் இருக்கும்போதே சொன்னேன். "அது ஸ்டாண்டுலதான் நிக்கணும்ணா எனக்கு வேண்டாம். வித்துருங்க."

அவ்வளவு ஆசைப்பட்டு வரவழைத்த சைக்கிள். விற்பதா என்று அவர் பதறுவார், சரி வா, ரோட்டுக்குப் போகலாம் என்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். சிஜின் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நீ இவ்வளவு யோசிப்பண்ணு நான் நெனைக்கல பெனிலா. எனக்கும் அதுதான் மனசுல. இத வித்தா நான் மொதல்லேருந்து தொடங்கிரலாம். ஒன்ட்ட எப்பிடிக் கேக்கதுண்ணு இருந்தேன்."

"நான் சொன்னது அதில்ல. எனக்கு ரோட்டுல போணும்."

"போலாம், போலாம். மொதல்ல இத ஒதுக்குவோம்."

மாமி என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். புத்தியுள்ள பிள்ளை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நாலு பேரிடம் சொன்னார்.

நான் விற்கச் சொன்ன அன்றைக்கே சாயங்காலம் சிஜின் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். வாங்குகிறவர்களுக்கு அளவு தெரிய வேண்டுமாம், என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன். படிக்கட்டில் உட்கார்ந்து விளம்பரத்தை டைப் செய்துவிட்டு உரக்க வாசித்தார்.

"கையால செஞ்ச ஸ்டீல் பிரேம். ஒரு லேடிக்க அளவுக்குச் செஞ்சது. வெயில், மழை பட்டதில்ல. ரோட்டுல எறக்குனதே இல்ல." தலையை நிமிர்த்தினார். "தப்பு ஒண்ணும் இல்லியே?"

போனை வாங்கி நானும் ஒரு தடவை வாசித்தேன். எவ்வளவு தேடியும் ஒரு தப்பும் கிடைக்கவில்லை. சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன்.