ஹாலுக்குக் கன்னடம், காதுக்குத் தமிழ்

ஹனூரில் அக்கா மகளின் காதுகுத்து முடிந்து விஜயநகர் வீட்டுக்குத் திரும்பிய ஜோதிமணி, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். வீட்டில் யாரும் இல்லை. ஊரில் இருந்த நாளெல்லாம் தான் தமிழில் குரல் கொடுத்த அந்தப் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டே இருந்தது. கமாண்டை அடித்து என்டரைத் தட்டினாள்.

திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது.

தப்பு என்று எந்த வரியும் வரவில்லை. மெஷின் உள்ளே உறுமிக்கொண்டு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கேபிள் கழன்றிருக்குமோ என்று குனிந்து பார்த்தபோது, முன் ஹாலில் ஒரு பெண் பேசத் தொடங்கினாள்.

ஜோதிமணிக்கு உடனே புரிந்துவிட்டது. படம் ஓடுகிறது, ஆனால் இங்கே அல்ல. யாரோ படத்தை ஹால் டி.வி.க்கும் ஒலியை ஹால் ஸ்பீக்கருக்கும் திருப்பிவிட்டு, முடிந்தபின் பழையபடி மாற்றி வைக்க மறந்திருக்கிறார்கள். ஹாலில் ஓட்டிக் காட்ட வேண்டியது ஒரே ஒருவருக்குத்தான். படத்தைக் கேட்ட குண்டலுபேட்டை லாட்ஜ்காரர் மல்லப்பன். அவர் வருவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது, நீ நிம்மதியாகக் காதுகுத்துக்குப் போய் வா என்று சொல்லி அனுப்பியவன் அவள் கணவன் காளிதாஸ்.

எழுந்து ஹாலுக்குப் போனாள். டி.வி.யைப் போட்டதும் யானைக் கூட்டம் தெரிந்தது. ஸ்பீக்கரில் வந்த குரல் தமிழ் பேசியது. அவள் பேசிய வரிகள்தான். பேசியது அவள் இல்லை. நாத்தனார் வைஷாலி.

ஊட்டி வழியாக மைசூர் வரும் தமிழ்க் குடும்பங்கள் வழியில் இறங்கி டீ குடித்துப்போகும் லாட்ஜ் அது. வரவேற்பறையில் ஒரு டி.வி.யில் காட்டைப் பற்றிய படம் ஓட வேண்டும். ஹாலில் கன்னடம் கேட்க வேண்டும். தமிழ் வேண்டுமென்றால் ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரே மெஷினில் இரண்டு மொழி. காளிதாஸ் வேலையை ஒப்புக்கொண்டு வந்துவிட்டான், எப்படிச் செய்வது என்று அவனுக்குத் தெரியாது. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளின் சி.டி. ஒன்றை யாரிடமோ வாங்கி, சமையலுக்கும் சமையலுக்கும் நடுவே உட்கார்ந்து வழி கண்டுபிடித்தவள் ஜோதிமணி. ஹால் ஸ்பீக்கருக்கு முதலாவது, ஹெட்செட்டுக்கு இரண்டாவது என்று இரண்டு சவுண்டு கார்டு, டி.வி.க்குப் படம் அனுப்ப ஒரு கார்டு. படமும் ஒலியும் எங்கே போக வேண்டும் என்று படத்தை ஓட்டும் புரோகிராம் நம்மைக் கேட்காது. நாமாகச் சொல்ல வேண்டும், எண் போட்டுச் சொல்ல வேண்டும். முதல் கார்டின் எண் பூஜ்யம், இரண்டாவதன் எண் ஒன்று. இது மட்டும் காளிதாஸின் தலையில் ஏறவே இல்லை. முதல் கார்டு என்றால் ஒன்று என்றுதான் அவன் கை அடிக்கும், மிச்சமிருக்கும் பூஜ்யம் மற்றதற்குப் போகும். இப்போதும் அதுதான் நடந்திருந்தது. காதுக்குள் ஒலிக்க வேண்டிய தமிழ் ஹால் முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது.

கன்னடத்துக்குக் குரல் வைஷாலி, தமிழுக்கு ஜோதிமணி என்பது ஆரம்பத்திலேயே முடிவானது. வைஷாலி மைசூரில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைக் கட்டி, வியர்க்க வியர்க்க ஜோதிமணி பேசிய அன்று காளிதாஸ் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, இந்தக் குரலை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் சமையல் கட்டில் இருந்தாய் என்று கேட்டான். மெஷினைப் பொருத்த குண்டலுபேட்டைக்கு நீயும் வர வேண்டும் என்றான். யாரோ ஒரு கோயம்புத்தூர்க்காரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தன் குரலைக் கேட்பதை, அவளுக்குத் தெரியாமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஜோதிமணி ஆசைப்பட்டாள். அந்த ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றியது.

டி.வி.யை அணைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், அது வரவில்லை. காதுகுத்துக்குக் கிளம்பிய காலைதான் திரும்பத் திரும்ப வந்தது. அவள் வீட்டு விசேஷம் எதற்கும் மனசாரப் போகச் சொல்லாதவன், அன்று தானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தான். மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தான். இரண்டு நாள் கூடவே இருந்துவிட்டு வா, அக்காவுக்கும் ஆறுதலாக இருக்கும் என்றான். ஹனூரில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி அவள் மாய்ந்துபோயிருந்தாள்.



சாயங்காலம் அண்ணனும் தங்கையும் மண்டி மொஹல்லா கடைவீதியிலிருந்து புது ஸ்பீக்கர் பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவளைப் பார்த்ததும் காளிதாஸ் பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டான்.

"மல்லப்பன் வந்துட்டுப் போனாருங்களாட்ட இருக்குது" என்றாள் ஜோதிமணி.

அவன் பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தான். திடீரென்று போன் பண்ணிவிட்டு வந்து நின்றார், என்ன செய்வது என்றான். படம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். தமிழ்தான் கொஞ்சம் ஊர்ப் பேச்சாக இருக்கிறது, நாலு ஊர் ஜனம் வரும் இடம், டீசண்டாக இருந்தால் நல்லது என்று சொன்னாராம். அதனால் அவசரத்துக்கு வைஷாலியை வைத்து மாற்ற வேண்டியதாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் ஒரு நிமிஷம் நம்பவும் செய்தாள். மல்லப்பன்மீது வருத்தப்படுவது எளிதாக இருந்தது.

அவன் உள்ளே போனதும் வைஷாலி பக்கத்தில் வந்து நின்றாள். ஒயரைச் சுற்றினாள், பிரித்தாள்.

"அண்ணி, என்மேல பேஜார் பண்ணிக்காதீங்க. தமிழ கன்னட எழுத்துல எழுதிக் குடுத்து அண்ணன்தான் ஓதுன்னாரு, படிச்சேன்."

"மல்லப்பன் சொன்னப்பறம் நீ என்ன பண்ணுவ" என்றாள் ஜோதிமணி.

"யாரு, மல்லப்பனா? அவரு நீங்க பேசினதக் கேக்கவே இல்லையே அண்ணி. நீங்க பஸ் ஏறின ஒரு மணி நேரத்துலயே என்னக் கூப்பிட்டு உக்கார வச்சுட்டாரு அண்ணன். உங்களுக்குச் சொல்லியாச்சுன்னாரு."

ஜோதிமணி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஹனூர் பஸ் வழியில் கொள்ளேகாலைக்கூடத் தாண்டியிருக்காத நேரம் அது. ஜன்னலோரம் உட்கார்ந்து அவனைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்த நேரம்.

சற்று நேரத்தில் காளிதாஸே வந்தான். காலையில் மெஷினைக் கொண்டுபோக வேண்டும். தமிழும் கன்னடமும் இடம் மாறி வருகின்றன. அன்றைக்கு மல்லப்பனிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தாயிற்று, அங்கே பத்துப் பேர் நடுவில் ஹாலில் தமிழ் அலறினால் மானம் போய்விடும். கொஞ்சம் சரிபண்ணிக் கொடு என்றான். பேச்சில் கூச்சம் எதுவும் இல்லை. உப்பு குறைந்திருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான்.

அவள் உட்கார்ந்து எண்களை மாற்றினாள். கன்னடத்துக்குப் பூஜ்யம், தமிழுக்கு ஒன்று, படம் டி.வி.க்கு. அவள் பேசியது இன்னும் அழியாமல் உள்ளேயே இருந்தது. வைஷாலியின் ஃபைல் பெயர் இருந்த இடத்தில் தன்னுடையதை அடித்தாள். ஹெட்செட்டை யாரும் மாட்டிப் பார்க்கப் போவதில்லை, இப்படியே விட்டால் குண்டலுபேட்டை போய்ச் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே கூசியது. தெரியாமல் செய்வது அவன் வழி. ஹெட்செட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மாட்டிக் கேளுங்க."

ஹாலில் கன்னடம் சரியாக வந்தது. அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். யானைக் கூட்டம் கடந்துபோகும்வரை கேட்டான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை வரும். மல்லப்பன் சொல்லவில்லை, நான்தான் என்று வரும். அல்லது இதுவே இருக்கட்டும் என்று வரும்.

அவன் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"இது வேண்டாம் ஜோதி. மத்தது போடு."

அவள் மற்றதைப் போட்டாள். தட்டச்சில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

காலையில் அவன் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். குண்டலுபேட்டை ரோட்டின் குலுக்கலில் கார்டு உடைந்துவிடும் என்று அவனுக்கு ஒரு பயம். எங்கே கொண்டுபோனாலும் கழற்றி, அவளுடைய பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றித்தான் எடுத்துப்போவான். சவுண்டு கார்டு இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கழற்றும்போது பூஜ்யம் எண் கார்டிலும் அது இருந்த இடத்திலும் ஒரு குங்குமப் பொட்டு வைப்பது ஜோதிமணியின் வேலை. கார்டு இடம் மாறினால் எண்ணும் மாறிவிடும். அன்று அவள் சமையல் கட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. பொட்டு வைக்காத கார்டுகள் அவளுடைய புடவைத் துண்டில் சுருண்டு பைக்குள் போவதை வாசற்படி வழியே பார்த்தாள். வைஷாலி மட்டும் ஆட்டோவில் ஏறும்முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மத்தியானம் டெலிபோன் அடித்தது. நீளநீளமாக அடிக்கும் வெளியூர் அழைப்பின் மணி.

ஹனூரிலிருந்து கொண்டுவந்த புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். பொட்டில்லாத கார்டுகள் இடம் மாறி, லாட்ஜ் ஹாலில் வைஷாலியின் தமிழ் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருக்கும். காளிதாஸ் வியர்வையோடு போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பூஜ்யத்தையும் ஒன்றையும் மாற்றிப் போடுங்க என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்துகூட விட்டது.

அங்கே அவள் குரல் வேண்டாம் என்று நேற்று அவன்தானே சொன்னான்.

மணி நின்றது. மறுபடி அடித்தது. புடவையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து இன்னொரு மடிப்பு மடித்தாள்.