காதில் விழுந்தது

கிரேன்காரர் காலை பத்தே காலிலிருந்து மேலேயே இருந்தார். கட்டி முடிக்காத பதினெட்டு மாடிக் கட்டடத்தின் தலைக்கு மேல், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். இப்போது மணி ஒன்று நாற்பது. அந்த மூன்றரை மணி நேரமும் அவள் நேரலையில் இருந்தாள். பதினான்கு வருடமாகத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவள். கையில் வாசிக்க ஒன்றும் இல்லாதபோது வாயை மூடாமல் இருப்பதுதான் இந்த வேலையின் பாதி என்று அவளுக்குத் தெரியும். தீயணைப்பு வீரர்கள் இருவர் இரும்புப் படிகளில் ஏறுவதைச் சொன்னாள், நிற்பதைச் சொன்னாள், மறுபடி ஏறுவதைச் சொன்னாள். கிரேனின் உயரத்தை மட்டும் நான்கு முறை சொல்லியாகிவிட்டது. ஸ்டூடியோவின் குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. முதுகு மட்டும் வியர்த்தது.

வலது காதுக்குள் ரேடியோ இருந்தார். நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துகொண்டு, வாசிப்பவர்களின் காதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். "ஒன்பது வருஷமா வாடகை குடுக்காம உன் காதுல குடியிருக்கேன்மா" என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்த வாரம் அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு பேசுவது போலப் பேசினார்.

பல் மட்டும்தான் காரணம் என்றால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மூன்று மாதமாகவே சொற்கள் அவள் காதுக்குள் ஓரம் தேய்ந்து வந்துகொண்டிருந்தன. குரல் கேட்கும், சொல் கேட்காது. டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போய் வந்தாள். பதினான்கு வருடம் காதுக்குள் சத்தமாகப் பேசவிட்டதன் பலன் என்றார் அவர். மெல்லிய ஒலிகள் போய்விட்டன, போனது திரும்பாது, கருவி மாட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். காதில் கருவியோடு செய்தி வாசிக்கும் ஒருத்தியை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கைப்பையின் அடியில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். சொன்னது புரியாவிட்டால் கேமராவைப் பார்த்தபடியே காது மடலைத் தொடுவாள். ரேடியோ திரும்பச் சொல்வார். போன வாரம் ஒரே செய்தியில் ஐந்து முறை தொட்டபோது, "என்னம்மா, கம்மல் குத்துதா?" என்று சிரித்தார். கன்ட்ரோல் ரூமே சிரித்தது. அன்றோடு தொடுவதை நிறுத்திவிட்டாள்.

ஒன்று நாற்பத்திரண்டுக்குக் களத்திலிருந்த நிருபரின் தொடர்பு அறுந்தது. படம் மட்டும் வந்தது. கயிற்றில் கட்டிய தூக்குப்படுக்கை ஒன்று மெல்ல இறங்கி, தகரத் தடுப்புக்குப் பின்னால் மறைந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற தீயணைப்பு வீரர் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்தார்.

காதுக்குள் குரல் வந்தது. "இற...ட்டாரும்மா. சொல்லிடு."

ஒரு கணம் அவள் கை காதை நோக்கிக் கிளம்பியது. பாதியிலேயே அதை மேசைக்கு இறக்கிக் காகிதங்களை அடுக்குவதுபோல் அடுக்கினாள். திரையில் அந்த வீரர் இன்னும் தலைக்கவசத்தைப் போடவில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள். அதற்கென்று அவளிடம் ஒரு குரல் இருந்தது.

"மூன்றரை மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு, கிரேன் இயக்குநர் உயிரிழந்துவிட்டதாகச் சற்றுமுன் தகவல் வந்திருக்கிறது."

காதுக்குள் ரேடியோ கத்தினார். கத்தினால் சொல் இன்னும் கலைந்துபோகும். "...ல! ...ல! ...ன்னு சொன்னேன்!" இரைச்சலுக்குள்ளிருந்து 'சொன்னேன்' மட்டும் 'சொல்லு' என்று வந்து விழுந்தது. அவள் மறுபடி சொன்னாள். "அவர் உயிரிழந்துவிட்டார்."

பிறகுதான் எதிரே, வாசிக்க வேண்டியதைக் காட்டும் ப்ராம்ப்டர் திரையில் எழுத்துகள் ஓடி வந்தன. யாரோ அவசரத்தில், தப்பும் தவறுமாக அடித்திருந்தார்கள். உயிரோட இருக்கார். கீழ இறங்கிட்டார். திருத்து. திருத்து.

அப்போதுதான் அந்தச் சொல் முழுசாக அவளுக்குக் கேட்டது. இறங்கிட்டாரு. இறங்கிட்டாரும்மா, சொல்லிடு.

முதல் முறை சொன்னதற்கும் திருத்தியதற்கும் நடுவே நாற்பது நொடி. அந்த நாற்பது நொடிக்குள் கிரேன்காரரின் மனைவி வீட்டை விட்டு வெளியே ஓடியிருந்தாள். செருப்பில்லை. சாலையில் இருபக்கமும் பார்க்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் அவளை அடித்துத் தூக்கிப் போட்டது. இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

இதெல்லாம் மாலை நான்கு மணிக்கு மேல்தான் தெரியவந்தது. ரேடியோ அவளுடைய அறை வாசலில் நின்றார், கன்னத்தில் கை வைத்தபடி.

"வாய் குழறிடுச்சும்மா. பல் வலிக்கு மாத்திரை வேற போட்டிருந்தேன். இந்த நிலைமையில நான் லீவு போட்டிருக்கணும்."

அவள் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்ட்ரோல் ரூமிலிருந்து காதுக்கு வரும் பேச்சு எங்கும் பதிவாவதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தெளிவாகத்தான் சொன்னார் என்றாள் ஒருத்தி. இரண்டு நாளாகவே அவர் பேசுவது புரியவில்லை என்றான் இன்னொருவன். ரேடியோ மேல் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான்.

"உன்மேல ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன்," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் செய்தாள். அந்த ஆட்டலை நினைத்து இரவெல்லாம் புரண்டாள். "எல்லாரும் அவர் தப்புன்னுதானே சொல்றாங்க, நீ ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்க?" என்றார் கணவர். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் விசாரணை. விடிந்ததும் வழக்கம்போல ஏரிக்குப் போனாள். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும். பறவைகள்தான் அவளுடைய பித்து. பார்ப்பதைவிடக் கேட்பது. மேக்கப்பும் விளக்கும் இல்லாமல், தன்னை யாரும் பார்க்காத இடத்தில் நின்று, எந்தப் பறவை என்று குரலை வைத்தே சொல்வதில் அவளுக்கு ஒரு திமிர்கூட உண்டு. கூட வருபவள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா. ஆறு வருடப் பழக்கம். ஆளுக்கொரு நோட்டு, நாணலுக்குப் பின்னால் ஆளுக்கொரு கல்.

அக்கா விரலை உயர்த்தினாள். "கேட்டியா?"

"ம். கதிர்க்குருவி."

அக்கா நோட்டை மூடி மடியில் வைத்தாள்.

"இப்ப ஒண்ணும் கூவலடி," என்றாள். "போன ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான் சும்மா கேட்டுப் பாத்தேன். என்ன இனிமைன்னு சொன்ன. நோட்டுல வேற எழுதின."

அவளுக்கு முகம் சுட்டது. கோபம் வந்தது. இப்படியா ஒருத்தியைச் சோதிப்பாய் என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் அக்கா அவள் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, முகம் பார்த்துச் சொன்னாள்: "நேத்து கடையில டிவி ஓடிட்டு இருந்துச்சு. நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு விளங்கிடுச்சு. எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசம்."

"வீட்டுல தெரியுமா?"

இல்லை என்று தலையசைத்தாள். அப்புறம் அழுதுகொண்டே, பல் பிடுங்கிய ரேடியோ பழியைத் தானே ஏற்றுக்கொண்டதைச் சொன்னாள். அக்கா சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. பல் பிடுங்கின மனுஷன் கதி என்ன என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை அறையில் நீள மேசை. செய்தி ஆசிரியர் நடுவில், நிர்வாகத்திலிருந்து இருவர் அவருக்கு இருபுறமும். ரேடியோ சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. எழுதிக் கொண்டுவந்த தாளை அவர் வாசித்தார். தவறு முழுக்க என்னுடையது, உச்சரிப்புத் தெளிவாக இல்லை, என்றெல்லாம் எழுதியிருந்தது. வாசிக்கும்போது ஒரு சொல்கூடக் குழறவில்லை. நிர்வாகத்துக்காரர் ஒருவர் தாளை வாங்கி, கையெழுத்துப் போட இடத்தைச் சுட்டினார். ரேடியோ பேனாவின் மூடியைத் திறந்தார்.

"அண்ணே, போடாதீங்க," என்றாள்.

குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அவள் கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பு, சாவி, பழைய ரசீதுகள், அதற்கெல்லாம் அடியிலிருந்து நான்காக மடித்த சீட்டு. அதை மேசைமேல் ஆசிரியர் பக்கம் தள்ளினாள்.

"அண்ணன் சரியாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் காது கேக்கல. மூணு மாசமாவே கேக்கல. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன்."

ரேடியோ அவளைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. கம்மல் என்று கேலி செய்ததை அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். இல்லை, நேற்று சாயங்காலம் தன் வாயாலேயே பழியை ஏற்றுக்கொண்டபோது அவள் சும்மா தலையாட்டியதை நினைத்திருக்கலாம். பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றார். அன்றிலிருந்து அவளைத் திரையில் காட்ட வேண்டாம் என்று முடிவானது. மற்றது பிறகு என்றார்கள்.

அவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று நிர்வாகம் தெளிவாகவே சொல்லியிருந்தது. எலும்பு முறிவுப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. கிரேன்காரர் அதே கட்டடத்தில் ஆறாவது மாடியில், இதய நோய்ப் பிரிவில் கிடந்தார். மனைவியால் ஏற முடியாது, அவரால் இறங்க முடியாது.

கட்டிலருகே இருந்த பெண், வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். மனைவியின் அக்காவாம். "எதுக்கு வந்தீங்க? இன்னும் என்ன சொல்லணும்?" என்று வழியை மறித்தாள்.

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

கட்டிலில் இருந்தவள் அந்தக் குரலுக்குத் தலையைத் திருப்பினாள். கால் எடைகட்டித் தொங்கியது. உதடு வெடித்திருந்தது. "விடுக்கா," என்றாள். அவளை அருகில் வரச் சொன்னாள். மன்னிப்பைக் கையாலேயே ஒதுக்கினாள்.

"அவரு நல்லாத்தான் இருக்காருன்னு எல்லாரும் சொல்றாங்க. காலையில போன்லகூடப் பேசினாரு. ஆனா கண்ணை மூடினா உங்க குரல்தான் வருது. நீங்க திருத்திச் சொன்னீங்களாமே, அது எனக்குக் கேக்கல. நான் ரோட்டுல கிடந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதை இப்பச் சொல்லுங்க. நேத்து எப்படிச் சொன்னீங்களோ, அப்படியே."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். நேராக நின்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள், ஊசிமருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் நின்றுவிட்டாள். காதுக்குள் யாரும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கட்டிலில் இருந்தவள் கண்களை இறுக மூடி, இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"இறங்கிட்டாரு," என்றாள் அவள். செய்திக்குரல் பாதியில் உடைந்தது. "உங்க வீட்டுக்காரர் உயிரோட கீழ இறங்கிட்டாரு."

மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் கசிந்து காதுப்பக்கம் இறங்கியது. கம்பியைப் பிடித்திருந்த கை தளரவில்லை. அதிலிருந்து ஒரே ஒரு விரல் மட்டும், இன்னொரு முறை என்பதுபோல், மெல்ல உயர்ந்தது.