காதுக்குள் யாரோ

வாசலில் கொட்டுச் சத்தம் நெருங்கியது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். முத்துவடிவு செத்துக் கிடந்த புருஷனின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“அழுதிரு முத்து, நெஞ்சடைச்சுரும்” என்று நாத்தனார் சண்முகசுந்தரி முதுகைத் தடவினாள். எங்கே அழ? வயிறு எரிந்துகொண்டிருந்தது. அந்த ராபியா வருவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷத்து எரிச்சல் அது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து புருஷன் நம்பிராஜன் காதில் எந்நேரமும் இயர்போன். பாட்டுக் கேட்கிறவர் தலையாட்டுவார். இவர் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார், திடீரென்று சிரிப்பார். அறுபது வயதில் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? போன சாரல் சீசனுக்குக் குற்றாலத்தில், இவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பின்னால் நிற்பது தெரியாமல் போனில் பேசினார்: “வீட்ல இன்னும் சொல்லல ராபியா. நாளைக்குக் கேட்டுட்டுச் சொல்லுதேன்.” அன்றைக்கு மென்று முழுங்கியவள்தான். நேற்றுக் காலையில் நாற்காலியில் சாய்ந்தபடி உயிர் போனபோதும் காதில் இயர்போன் இருந்தது. கடைசி நிமிஷமும் அவளோடுதான் என்றால், முப்பது வருஷம் சோறு பொங்கிப் போட்ட இவள் யார்?

குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. பெண்கள் வாய்க்கரிசி போட ஆரம்பித்தபோது, நாற்பதைத் தாண்டிய ஒருத்தி பர்தாவோடு உள்ளே வந்தாள்.

“கடையநல்லூர்லேர்ந்து வாரேன், ராபியா. காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கேன். அண்ணாச்சி இப்பிடித் திடுதிப்புன்னு போயிட்டாவளே” என்று தேம்பினாள்.

பொண்டாட்டி அழவில்லை, இவள் அழுகிறாள்! முத்துவடிவு அவள் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அவுக காதுக்குள்ள பேசுனது நீதானட்டி?”

ராபியா திகைத்துப்போனாள். “யாரும் பேசலக்கா. பூமியச் சுத்திக் காந்த வேலி ஒண்ணு இருக்கு. சூரியன்லேர்ந்து வர்ற காத்து மோதி அந்த வேலி அதிரும். விண்கலங்க அந்த எல்லைக்கு உள்ளயும் வெளியயும் போய் அளந்து அனுப்புது. அதச் சத்தமா மாத்தித் தாராங்க. அந்தச் சத்தம் எங்க மாறுதுன்னு காதால கேட்டுக் குறிக்கணும். நாங்க கொஞ்சப் பேரு சேந்து செய்யுதோம். அண்ணாச்சி மாதிரி பொறுமையா யாரும் கேட்டதில்ல.”

அண்ணாச்சியாம். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணாச்சிதான். ராபியா தன் போனை எடுத்து இயர்போனை நீட்டினாள். முத்துவடிவு வெடுக்கென்று வாங்கி மாட்டினாள். ஒரே இரைச்சல். அதற்குள் ஏதோ ஊளையிட்டு, இறங்கி இறங்கி ஓய்ந்தது. பெண் குரல் எதுவும் இல்லை. அப்படியும் மனசு ஆறவில்லை.

“இதுல மறைக்க என்ன இருக்கு? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நானும் சண்ட போட்டேன்க்கா. ‘அவ பக்கத்துலதான் ஒக்காந்து கேக்கேன். என்னன்னு அவளா வந்து விசாரிக்கட்டும், அப்பச் சொல்லுதேன்’னாவ. தெனமும் எதிர்பாத்துக்கிட்டேதான் இருந்தாவ.”

என்ன பதில் வருமோ என்று பயந்தே முத்துவடிவு அந்த ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. இயர்போனைக் கழற்றி ராபியாவிடம் கொடுத்தாள்.

“முத்து, நீதான் பாக்கி. தூக்கப் போறாங்க” என்று சண்முகசுந்தரி கூப்பிட்டாள்.

வந்தாள். வாய்க்கரிசி போட்டாள். எழுந்திருக்கவில்லை. குனிந்து, அவர் காதில் அடைத்திருந்த பஞ்சை மெல்ல உருவினாள்.

“என்னட்டி செய்யுத?” என்று நாத்தனார் கையைத் தடுத்தாள்.

முத்துவடிவு அவர் காதோரம் வாயை வைத்தாள்.

“ஏங்க, என்னத்தக் கேக்கிய?”