பச்சைக் கட்டம் போட்ட சட்டை

தம்பியைப் பார்க்க வந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டே பெரிய டெய்லருக்கு இடுப்பு விட்டுப் போனது. ஒருத்தராவது, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டுமே! அதே கடை, அதே போலீஸ். அடி மட்டும் தம்பிக்கு, அதனால் பேரும் தம்பிக்கு.

கடையில் துணி வெட்டுவது அண்ணன், தைப்பது தம்பி. வெட்டு கோணினால் தையல் எங்கே நிற்கும்? ஆனாலும் வாடிக்கையாளர்கள் மெச்சுவது தையலைத்தான். அம்மாவும் அப்படியே. ஈர்க்குச்சி மாதிரி இருந்த மூத்தவனை விட்டுவிட்டு, அண்டா மாதிரி வளர்ந்த சின்னவனைத்தான் 'என் ராசா' என்பாள். இப்போது செய்தித்தாளில் வேறு அவன் படம்: 'போலீஸ் மேல் வழக்குப் போட்ட டெய்லர்'. பெரிய டெய்லருக்கு வயிறு எரிந்தது.

நடந்தது இதுதான். பச்சைக் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் ஒரு நகைக்கடையில் கைவரிசை காட்டிவிட்டு ஓடினானாம். தையல்கடை ஆணியில் அதே மாதிரி சட்டை தொங்குவதைக் கண்டு போலீஸ்காரர்கள் உள்ளே பாய்ந்தார்கள்.

"யாருதுடா இது?"

பெரிய டெய்லர் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "என்னோடது சார்."

கையைத் தூக்கிக்கொண்டு நின்றவனைத் தடியால் விளாசி, முழங்கையை உடைத்து, இழுத்துப் போனார்கள். நிஜத் திருடன் வேறெங்கோ அகப்பட்ட பிறகுதான் விட்டார்கள்.

ஆனால் சட்டை பெரிய டெய்லருடையது. தனக்கென்று ஆசையாக வெட்டி, தம்பியிடம் தைக்கக் கொடுத்தது. 'இதையும் தன்னோடதுங்கிறானே, பாவி!' என்று அந்த நேரத்திலும் பொங்கியவர், தடியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். அப்புறமும் திறக்கவில்லை.

இப்போது அவர்தான் ஒரே சாட்சி. வழக்கு ஜெயித்தால் நஷ்டஈட்டில் தம்பி கைக்கு ஆபரேஷன். தோற்றால் அந்தக் கை இனி மிஷினில் துணி பிடிக்காது.

கோர்ட்டில் கூண்டேறிய பெரிய டெய்லரிடம் போலீஸ் தரப்பு வக்கீல் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "சட்டை தன்னோடதுன்னு அவரே ஒத்துக்கிட்டார். பிடிச்சதுல என்ன தப்பு? திமிறி ஓடப் பார்த்தார், விழுந்தார், கை உடைஞ்சுது. அதானே?"

"இல்லீங்க. ஓடவே இல்ல. நின்னவனைத்தான் அடிச்சாங்க."

"தம்பி மேல இருக்கிற பாசத்துல சொல்றீங்க."

"பாசமா? எனக்கு இவனைக் கண்டாலே ஆகாதுங்க!" கோர்ட்டே சிரித்தது. பெரிய டெய்லருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தச் சட்டைகூட என்னோடதுதாங்க!"

சிரிப்பு நின்றது. வக்கீல் கண்ணைச் சுருக்கினார். "அப்படின்னா அவர் ஏன் தன்னோடதுன்னு சொன்னார்?"

'என்னோடதைப் பிடுங்கறதே அவனுக்குப் பொழப்பு' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் கண் சட்டைத் தோளில் விழுந்தது. அங்கிருந்து தம்பியின் தோளுக்குப் போனது. நாளெல்லாம் அளவெடுத்தே பிழைக்கிற மனுஷன். இத்தனை மாதமாக இந்த அளவு மட்டும் கண்ணில் படவில்லை. பொறாமை அப்படி மறைத்திருந்தது.

"அது அவன் தோள்ல ஏறவே ஏறாதுங்க." வக்கீல் கையிலிருந்த சட்டையைக் காட்டினார். "தைச்சவனுக்கு அது தெரியாதா? சட்டைக்காரனை உதைப்பாங்கன்னு தெரிஞ்சேதான் சொல்லியிருக்கான். சட்டைக்காரன் நானுங்க."

தம்பி தலையைத் தூக்கவில்லை. கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கு ஜெயித்தது. தீர்ப்பு வந்த அன்று வாசலில் எல்லோரும் தம்பியைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். பெரிய டெய்லரை ஓரமாகத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. படம் போனால் போகட்டும். 'என்னோடது' என்கிற அந்த ஒரு வார்த்தை அன்று கடையில் சட்டைக்குச் சொந்தக்காரன் வாயில் வராமல் தம்பி வாயில் வந்துவிட்டதே என்றுதான் இப்போது எரிந்தது.