பொட்டு வைத்த மெஷின்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று இருந்தது. கொரோனா இரண்டாவது அலையில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து அனுப்பியது. கொட்டாம்பட்டி தாண்டி ஊருக்குள் வந்து சேருவதற்குள் அலை ஓய்ந்துவிட்டது. அப்படியே பாலித்தீன் உறை போட்டு மூலையில் நிறுத்திவிட்டார்கள். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு உறையைக் கழற்றி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, மறுபடியும் மூடுவார்கள். அந்த மரியாதையில் பாதி என் புருஷனுக்குக் கிடைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

என் புருஷன் சங்கிலி, மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் பாறை துளைத்தவர். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. வாசல் வரை நடந்தாலே உதடு நீலம் பாரித்துவிடும். வீட்டில் ஆக்சிஜன் வைத்தால் ஆள் தாங்குவார், இல்லாவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். விலைக்கு வாங்க எனக்கு ஏது வக்கு? தலைவர் வெள்ளைத்துரையிடம் போய் நின்றேன்.

"அது அடுத்த அலைக்கு வச்சிருக்கு ராமக்கா. ஒரு ஆளுக்குக் குடுத்துட்டு, நாளைக்கு ஊருக்கே வந்துச்சுன்னா நான் எங்க போவேன்?"

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவருடைய தம்பி ஆஸ்பத்திரி வாசலில், படுக்கை கிடைக்காமல், இவர் காரின் முன் சீட்டிலேயே மூச்சடங்கிப் போனார். அதன்பிறகு அந்தச் சீட்டில் அவர் யாரையும் உட்காரவிட்டதில்லை.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில், அடுத்த தொற்று வந்தால் ஊர் எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்று மேலிருந்து வந்த தாளை வாசித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

"வரப்போற நோய்க்கு மெஷினு வச்சிருக்கீக. வந்து உக்காந்திருக்கிற நோய்க்கு என்ன வச்சிருக்கீக? எம் புருஷனுக்குச் செத்தப்புறம் மாலை போடத்தான் வருவீகன்னா, அதையும் அந்த மெஷினுக்கே போட்டுக்கங்க."

தலைவர் தாளை மடித்துவிட்டு, ஆபீஸ் சாவியை எடுத்துவரச் சொன்னார்.

சங்கிலியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தோம். கிராம நர்ஸ் பவதாரிணி மெஷினைப் போட்டாள். உறுமியது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து கத்த ஆரம்பித்தது. அவள் சர்வீஸ்காரர்களுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தாள்.

"ஓட்டாமலே போட்டு வச்சதுல உள்ள ஈரம் ஏறி வீணாப்போச்சாம் சார். அப்பப்ப ஓட்டியிருந்தா கெட்டிருக்காதாம். இப்ப வர்றது வெறும் காத்துதான்."

ஏசுவதற்கு எனக்கு வாய் நிறைய இருந்தது. ஆனால் தலைவர் துண்டால் அந்தப் பழைய சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அலை வந்திருந்தாலும் இதத்தான் நம்பித் தூக்கிட்டு ஓடியிருப்பேன்," என்றார். "இன்னொருத்தன் மூக்குல வெறுங்காத்த மாட்டிவிட்டுட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அன்றைக்கே காரை எடுத்தார். பின்சீட்டில் மெஷினும் நானும். முன் சீட்டில் சங்கிலி. மதுரை போகும்வரை தலைவர் ரோட்டைவிடச் சங்கிலியின் நெஞ்சைத்தான் அதிகம் பார்த்தார். சங்கிலியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தார்.

இப்போது அது எங்கள் வீட்டில் ஓடுகிறது. தொற்று வந்தால் பஞ்சாயத்து எடுத்துக்கொள்ளும், அதுவரை ஓடட்டும் என்று பேச்சு. அது நியாயம்தான், நானும் சரியென்றேன்.

ஆயுத பூஜையன்று தலைவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"செத்த நிப்பாட்டு ராமக்கா, ஒரு பொட்டு வச்சிர்றேன்."

"நிப்பாட்ட மாட்டேன். பொட்டு வைக்கணும்னா அந்தா உக்காந்திருக்காருல்ல, அவருக்கு வைங்க."

கொஞ்சம் தயங்கினார். பிறகு குனிந்து சங்கிலியின் நெற்றியில் வைத்தார். மூக்கில் குழாயோடு சங்கிலி சிரித்தார்.

"பொட்டு போதும் தலைவரே, மாலை மட்டும் கொண்டாந்துறாதீக, எனக்குப் பயமாயிருக்கு."

நடுவில் நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், அவர் இம்புட்டு நீளமாகப் பேசிக் கேட்டு எனக்கு வெகுகாலம் ஆகியிருந்தது.